கடைசற்பொறி வாங்கிய கதை

தமிழர் தயிரையும் கடைவார்கள், மரத்தையும் கடைவார்கள். இவ்விரு தொழிலுக்கும் ஒரே வினைச்சொல் அமைந்தது எவ்வாறு என்று, மரவேலை ஆசிரியனாக இருந்த முப்பத்திரண்டு ஆண்டுகளிலும் புதிதாக வந்த ஒவ்வொரு வகுப்பையும் கேட்டு வந்தேன். பெரும்பாலான பிள்ளைகள் விழிப்பார்கள். வீட்டிற் பசுவுள்ள பிள்ளை ஒன்று எழுந்து, மத்திலே கயிற்றைச் சுற்றி இரு கையாலும் மாறி மாறி இழுப்பதைப் பாவனை செய்து காட்டும். அதுவே விடை. பழங்காலத்துக் கடைசற் பட்டறையிலும் மரத்துண்டை இரண்டு முளைகளுக்கிடையே பொருத்தி, அதன்மேற் கயிற்றைச் சுற்றி ஒருவன் மாறி மாறி இழுப்பான். மற்றவன் உளி பிடிப்பான். மரம் தன்னை நோக்கிச் சுழலும்போது உளி வெட்டும். எதிர்ப்புறம் சுழலும்போது அவன் உளியைச் சற்றே பின்வாங்கிக் கொள்வான். ஓர் இழுப்பு வேலை, ஓர் இழுப்பு ஓய்வு. மிதியும் சில்லும் வந்த பிறகே மரம் ஒரே திசையில் ஓயாமற் சுழலத் தொடங்கியது. மின்மோட்டர் வந்தபின் கடைசற்காரனுக்கு அந்த அரை ஓய்வும் போயிற்று.

என்னிடமும் மிதியால் இயங்கும் கடைசற்பொறி ஒன்று முன்னர் இருந்தது. படுகை பாலைமரம், சில்லு, கைவிடப்பட்ட தையல் இயந்திரம் ஒன்றினுடையது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் எல்லாரும் தெருவில் இறங்கியபோது நாங்களும் இறங்கினோம். சைக்கிளிற் கட்டக்கூடியதைக் கட்டினோம். கடைசற்பொறியைச் சைக்கிளிற் கட்ட இயலாது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது பட்டறைக் கொட்டிலில் அது நின்ற இடத்திலே நான்கு குழிகள் மாத்திரம் இருந்தன. பாலைமரம் நன்றாக எரியும். எடுத்தவரை நான் நோவதற்கில்லை. அந்த மாரியில் யார் வீட்டு அடுப்புக்கோ அது வேண்டியிருந்தது.

அதன்பின் பாடசாலைப் பட்டறையிலுள்ள இயந்திரத்தோடு அமைதி கண்டேன். ஓய்வு பெற்ற அன்று அதுவும் போயிற்று. ஓய்வூதியப் பணத்தில் ஒரு புதிய பொறி வாங்குவேன் என்று வீட்டில் அறிவித்திருந்தேனாயினும், இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டதில் 2022ஆம் ஆண்டு வந்து சேர்ந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக நின்ற அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. கொழும்புக் கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டுத் தொலைபேசியை மெதுவாக வைத்துவிட்டேன். இனிப் பழையது ஒன்றுதான் கதி என்று தெரிந்தது.

"இஞ்சாருங்கோ, பல்லுக் கட்டக் காசில்லை எண்டு மூண்டு வருசமாய்ச் சொல்லுறியள், கட்டையைக் கடையக் காசிருக்கோ?" என்றாள் என் மனைவி. நியாயமான கேள்வி. மறுமொழி என்னிடம் இல்லை. நிலையான வைப்பு ஒன்றை முறித்து ஒன்றரை இலட்சம் ரூபாவை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

என் தங்கையின் மகன் கொழும்பிலே இரும்பு கடையும் பட்டறை வைத்திருப்பவன். இரும்புக் கடைசற்காரர் மரக்கடைசற்காரரை ஏதோ விளையாட்டுப் பிள்ளைகளாகவே கருதுவர். நூலிழை அளவு பிசகினாலும் அவர்களுடைய வேலை பாழ். நாமோ கண்ணாற் பார்த்து, விரலாற் தடவி, போதும் என்று விடுகிறோம். ஆயினும் மாமன் என்ற மரியாதை அவனுக்கு உண்டு. 2023ஆம் ஆண்டு ஆவணியில் ஒருநாள் அழைத்தான். "மாமா, மொறட்டுவையிலை ஒரு தச்சர் செத்துப்போனார். அவற்றை மனுசி லேத்தை விக்கப்போகுதாம். இங்கிலீசுச் சாமான். பழைய இரும்புக்காரன் ரண்டு தரம் வந்து போட்டானாம். வாறதெண்டால் உடனை வாங்கோ."

மொறட்டுவை தச்சர்களின் ஊர். தெருவுக்குத் தெரு மரத்தூள் மணக்கும். வாசல்தோறும் கட்டிற் காலும் கதிரைச் சட்டமும் அடுக்கியிருக்கும். அந்த வீடு களப்பை அண்டிய ஓர் ஒழுங்கையில் இருந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் எங்களை விறாந்தையில் இருத்தினார். என் சிங்களம் கொச்சையானது. மருமகனுடையது சந்தைக்குப் போதுமானது. இரண்டையும் சேர்த்து ஒருவாறு பேசினோம்.

நான் அமர்ந்த கதிரையின் கால்கள் கயிறு முறுக்கியதுபோற் கடையப்பட்டிருந்தன. கணவர் செய்தது என்றார். இவ்வகை முறுக்குக் கால்களுக்கு ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலே ஓறேஸ் உவால்போல் என்ற பிரபு, ஸ்ரோபெரி ஹில் என்னும் தம் மாளிகைக்காகக் கருங்காலிக் கதிரைகளைத் தேடித்தேடி வாங்கினார். முறுக்கிய கால்களையும் கடைந்த கம்பிகளையும் கண்டு, இவை தம் நாட்டுத் தியூடர் மன்னர் காலத்துப் பழம்பொருள்கள் என்று உறுதியாக நம்பினார். உண்மையில் அவ்வகைத் தளவாடங்கள் பதினேழாம் நூற்றாண்டிலே நம் சோழமண்டலக் கரையில் ஐரோப்பிய வணிகருக்காகக் கடையப்பட்டவை. இலங்கையிலும் ஒல்லாந்தர் காலத்தில் அத்தகைய வேலை நடந்தது. தமிழ்க் கரையிற் கடைந்த கதிரையில் அமர்ந்துகொண்டு ஆங்கிலப் பிரபு தம் முன்னோரை நினைந்து உருகியதை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அம்மையார் தேநீர் கொண்டு வந்ததால் அதை அடக்கிக்கொண்டேன்.

பொறி பின்புறக் கொட்டிலில் ஒரு சாக்கின் கீழ் நின்றது. சாக்கை நீக்கியதும் அடையாளம் கண்டேன். மைபோட் நிறுவனத்தின் எம். எல். 8. இங்கிலாந்தில் நொட்டிங்காமுக்கு அருகே பீஸ்ரன் என்னும் ஊரிற் செய்யப்பட்டது. அத்தொழிற்சாலை 2011இல் மூடப்பட்டுவிட்டது. உருண்ட உருக்குப் படுகை இதன் முத்திரை. பட்டியை மாற்றி நான்கு வேகத்தில் ஓட்டலாம். மிகக் குறைந்தது நிமிடத்துக்கு 700 சுற்று, மிகக் கூடியது 2850. தடித்த மரத்துக்குக் குறைந்த வேகம், மெல்லிய மரத்துக்குக் கூடிய வேகம் என்பது விதி. ஓர் அங்குலத் தடியின் விளிம்பைவிட எட்டங்குலக் கோப்பையின் விளிம்பு ஒரே சுற்றில் எட்டு மடங்கு தூரம் ஓடுகிறது என்பதை மறந்தவர்களின் நெற்றியை மரத்துண்டு நினைவூட்டியிருக்கிறது.

பழைய கடைசற்பொறியைச் சோதிப்பது மாடு பார்ப்பது போன்றது. முதலிற் சுற்றி நடந்து பார்க்கவேண்டும், வாய் திறக்கக்கூடாது. பிறகு பட்டியைக் கழற்றிவிட்டு சுழல்தண்டைக் கையாற் சுழற்ற வேண்டும். மோட்டர் ஓடும்போது எல்லாம் இரையும்; கையாற் சுழற்றினால்தான் பெயாரிங்கின் குறை பேசும். ஒரு தடியின் முனையைப் பெயாரிங் மேல் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டேன். மணல் அரைவது போன்ற ஒலி இல்லை. தண்டின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினேன். மிகச் சிறிதே அசைந்தது. மருமகன் தன் பையிலிருந்து அளவுமானியை எடுத்து ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு, "இரும்பெண்டால் இதிலை ஒண்டும் செய்யேலாது மாமா" என்றான். மரமென்றால் செய்யலாம் என்றேன். அதற்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை, முகம் சொல்லியது.

அடுத்து, தண்டின் உட்துளை. முளைகள் செருகப்படும் இத்துளை மெல்லிய கூம்பு வடிவானது. 1864ஆம் ஆண்டளவில் ஸ்ரீபன் மோர்ஸ் என்ற அமெரிக்கர் வகுத்த அளவு இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. திருகும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். அழுத்த அழுத்த முளை தானே இறுகும். துளையில் கீறலிருந்தால் இறுகாது. சுட்டுவிரலை விட்டுத் தடவினேன். வழுவழுப்பாக இருந்தது. பிறகு எதிர்ப்புறத் தாங்கியை நகர்த்தி இரண்டு முளைகளின் கூர்களையும் நேருக்கு நேர் கொண்டு வந்தேன். ஊசியும் ஊசியும் முத்தமிட்டாற் போலச் சந்தித்தன. படுகை முறுக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

உளிதாங்கியின் விளிம்பு மட்டும் பள்ளம் பள்ளமாகத் தேய்ந்திருந்தது. அது குற்றமன்று, ஓர் அரத்தால் அரை மணித்தியாலத்திற் சரியாக்கலாம். அந்தப் பள்ளங்களைப் பார்த்தே அம்மனிதர் எவ்வளவு வேலை செய்தவர் என்று கணித்தேன். கடைசியில் மோட்டரைப் போட்டோம். ஒருமுறை முனகியது, பின்பு சீராக ஓடியது. கொட்டிலின் கூரையில் இருந்த மரத்தூள் எங்கள் தலையில் மெல்ல உதிர்ந்தது.

விலையைக் கேட்டேன். அம்மையார் தயங்கினார். "இரும்புக்காரன் 45,000 தருவதாகச் சொன்னான், மாத்தயா. நீங்கள் வைத்து வேலை செய்யப் போகிறவர். 60,000 தந்தால் போதும்" என்றார்.

ஒன்றரை இலட்சமும் என் சட்டைப்பையில் இருந்தது. அவ்வளவும் கொடுத்தாலும் அது நியாயமான விலைதான் என்பது எனக்குத் தெரியும். அவர் அதை நிறுவையால் மதித்தார். மருமகன் என் முழங்கையை மெல்லக் கிள்ளினான். வாசகர் என்னைப் பற்றி எப்படி எண்ணினாலும் எண்ணட்டும், நடந்ததைச் சொல்கிறேன். நான் தலையை அசைத்து, 60,000 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுத்தேன் என்று மனத்துக்குள் ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

லொறிக்காரன் வருவதற்கிடையில் அவர் கொட்டிலின் மூலையிலிருந்து ஒரு மரப்பெட்டியை இழுத்து வந்தார். "இதுவும் அதனோடு போகட்டும். வைத்திருந்தால் கறல் பிடித்துவிடும்" என்றார்.

திறந்தேன். எண்ணெய்த் துணியிற் சுற்றிய பதினொரு உளிகள். குழிந்த உளிகள் நான்கு, சாய்வுளிகள் மூன்று, மரத்தைத் துண்டாக்கும் ஒடுங்கிய உளி, மற்றவை சுரண்டுளிகள். ஒவ்வொன்றிலும் செபீல்ட் நகரப் பெயர். அவற்றின் கீழே இரண்டு முகத்தட்டுகள், மரத்தின் தலையைக் கௌவும் நாற்பல் முளை, நீளமான தடி துள்ளாமல் தாங்கும் கவை, விட்டம் அளக்கும் வளைகாற் கவராயங்கள். கடைசற்பொறி வாங்குபவனுக்கு இறுதியிற் பொறியைவிடத் துணைக்கருவிகளே கூடிய செலவு வைக்கும் என்பது இத்தொழிலில் இறங்கிய எவருக்கும் தெரியும். ஓர் உளியை வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தேன். பழைய கரியுருக்கு, சாணை பிடிக்கும்போது சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் வலுவிழந்துவிடும், கூர் நிற்காது. அவசரக்காரனின் உளி நுனியெல்லாம் நீலமாயிருக்கும். இந்தப் பதினொன்றில் ஒன்றிலேனும் நீலம் இல்லை. வாழ்நாள் முழுவதும் ஒரு மனிதர் ஒவ்வொரு முறையும் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துச் சாணை பிடித்திருக்கிறார்.

என் வாய் தானாகத் திறந்தது. "நோனா, இந்தப் பெட்டிக்கு வேறு விலை. இதைச் சும்மா தரக்கூடாது" என்று சொல்லி மேலும் 40,000 ரூபாவை எடுத்து வைத்தேன். அவர் வேண்டாமென்றார், பிறகு வாங்கிக்கொண்டார். மீதி 50,000 என் பையிலேயே இருந்தது. அதையும் கொடுத்திருக்கலாமா என்ற கேள்வி இன்றுவரை என்னோடு இருக்கிறது. பற்கட்டுவதற்கு என்று அதற்கு ஒரு பெயர் வைத்தேன். இன்னும் பல் கட்டவில்லை.

லொறியில் ஏற்றியாயிற்று. புறப்படும் நேரத்தில் அம்மையார் உள்ளே சென்று, கையில் ஒரு சிறு கடைசற் கட்டையோடு திரும்பினார். விரல் நீளம், ஒரு முனை குமிழ், மறுமுனை நூல் சுற்றும் ஒடுங்கிய கழுத்து. அவர் பிறந்த ஊர் வெலிகமப் பக்கம். அக்கரையோரப் பெண்கள் திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் சரிகை வேலைக்குப் பீரலு என்று பெயர். அக்கட்டைக்கும் அதுவே பெயர். மணமான நாள்முதல் அவருக்கு வேண்டிய கட்டைகளைக் கணவரே இப்பொறியிற் கடைந்து கொடுத்திருக்கிறார். "பன்னிரண்டு உடைந்துவிட்டன. அவர் செய்து தருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். மாத்தயா மெசினைக் கொண்டு போகிறீர்களே. எனக்குப் பன்னிரண்டு கடைந்து அனுப்புவீர்களா?"

அனுப்புகிறேன் என்றேன். வேறென்ன சொல்வது!

பீரலு என்ற சொல்லை நான் முன்னரே படித்திருந்தேன். நம் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலிலே மாத்தளைப் பகுதி அரக்கு வேலையைப் பற்றிச் சொல்லுமிடத்து, கடைசற்பொறியில் செய்யும் வேலையைப் 'பீரலு' வேலையென்றும், நகத்தால் அரக்கு இழைகளை ஒட்டிச் செய்வதை 'நியபொத்து' வேலையென்றும் பிரித்துக் காட்டுகிறார். சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்விற் பிறக்கும் சூட்டிலேயே அரக்கு உருகி மரத்தில் ஏறும். ஓலைத் துண்டால் தேய்த்தால் கண்ணாடிபோல் மின்னும். மாத்தளை மாவட்டத்து ஹப்புவிட என்னும் ஊர் இவ்வேலைக்குப் பேர்போனது. பெட்டிக்குள் சிவப்பரக்குத் துண்டு ஒன்றும் கிடந்தது. அதை இனித்தான் பயன்படுத்திப் பார்க்க வேண்டும்.

வெங்காயம் இறக்கிவிட்டு யாழ்ப்பாணம் திரும்பும் லொறி அது. ஏறத்தாழ 400 கிலோமீற்றர். மருமகனும் உடன் வந்தான். தம்புள்ளை கடக்கும்வரை அவன் வாய் திறக்கவில்லை. பிறகு, "மாமா, அந்த நாப்பதினாயிரம் தேவையில்லாத செலவு" என்றான். சற்றுப் பொறுத்து, "ஆனால் அந்த உளியள் நல்ல உளியள்" என்றான்.

வீட்டில் பொறியை நிறுத்திய பிறகுதான் என் அறியாமை வெளிப்பட்டது. கனடாவிலிருக்கும் என் தமையன் மகன், நான் பொறி வாங்குமுன்பே, கோப்பை கடைய உதவும் நான்கு தாடைச் சக் ஒன்றை அனுப்பியிருந்தான். அதன் புரி ஓர் அங்குலம். என் பொறியின் சுழல்தண்டும் ஓர் அங்குலம். ஓர் அங்குலமும் ஓர் அங்குலமும் பொருந்தாமல் எங்கே போகும் என்று திருகினேன். அரைச் சுற்றில் இறுகியது. ஆத்திரத்தில் சாவியை எடுத்து இன்னும் கால் சுற்றுத் திருகினேன். நல்ல காலம், அப்போதாவது அறிவு வந்தது. வட அமெரிக்கப் புரிகளில் அங்குலத்துக்கு 8 மரை, இதிலோ 12. முப்பத்திரண்டு ஆண்டு மரை எண்ணக் கற்பித்தவன் தன் வீட்டில் எண்ண மறந்தான். இன்னுமொரு திருகலில் சுழல்தண்டு பழுதாகியிருக்கும். அத்தொழிற்சாலையும் இன்று இல்லை, புதிய தண்டுக்கு எழுதிக் கேட்க. சக்கின் நடுவில் கழற்றி மாற்றக்கூடிய உள்வளையம் இருந்தது. அதைக் கொழும்புக்கு அனுப்பினேன். மருமகன் 12 மரையில் புதிய வளையம் கடைந்து பஸ்சில் அனுப்பிவைத்தான். கூட ஒரு துண்டுக் கடதாசி: 'ஆட்டிப் பாருங்கோ, அசையாது.' அசையவில்லை. இரும்புக் கடைசற்காரரின் கர்வத்துக்குக் காரணம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பீரலுக் கட்டைகளுக்கு முதிரை மரத்தைத் தெரிந்தேன். பொன்னிறம், நெருங்கிய நார், பட்டுப் போன்ற மினுக்கம். பரிசாகக் கொடுப்பதற்கு ஏற்றதென்று நினைத்தேன். அதன் தூள் தோலிற் பட்டால் சிலருக்கு அரிப்பு எடுக்கும். அந்தச் சிலரில் நானும் ஒருவன் என்று மாலையிலே தெரிந்தது. மெல்லிய தடி, வேகம் கூடியது. நடுப்பகுதியில் உளியை அழுத்தினால் தடி வில்லாய் வளைந்து துள்ளும். முதல் ஆறு கட்டைகள் முறிந்தன. விரல் ஒன்றைத் தடிக்குப் பின்னாலே மெல்லத் தாங்கிக்கொண்டு கடையப் பழகியபின் பன்னிரண்டும் தேறின. மெருகிட்டுத் துணியிற் சுற்றித் தபாலிற் சேர்த்தேன்.

மூன்று கிழமைக்குப் பின் பொதி திரும்பி வந்தது. யாரோ ஒரு பிள்ளையைக் கொண்டு தமிழில் எழுதுவித்த கடிதமும் இருந்தது. கட்டைகள் மிக அழகாயிருக்கின்றனவாம், ஆனால் பாரமாம். பாரம் நூலை இழுப்பதால் பின்னல் ஒருபுறம் இறுகுகிறதாம். தம்மிடமுள்ள பழைய கட்டைகளின் பாரத்துக்கு இவை இருக்க வேண்டுமாம். அளவுக்கு என்று கணவர் கடைந்த ஒன்றையும் உள்ளே வைத்திருந்தார்.

அந்தக் கட்டை இப்போது என் முன்னே தராசுத் தட்டில் இருக்கிறது. மறுதட்டில் இட, வேலியில் வெட்டிய பூவரசந்தடியைக் கடைந்து வருகிறேன். ஏழு முடிந்தன. எட்டாவது சற்றே பாரம் கூடியிருக்கிறது. கழுத்தில் இன்னும் ஒரு மயிரளவு எடுக்க வேண்டும்.